மினியாபொலிஸின் ஓடையையும் ஏரிகளையும் சைக்கிளில் சுற்றிவர: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள மினியாபொலிஸ் நகருக்குள், மோட்டார் வாகனங்கள் ஓடும் சாலையில் பெரும்பாலும் இறங்காமலேயே, சுமார் 27 கிலோமீட்டர் தூரத்தைத் தார் போட்ட தனிப்பாதைகளில் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர முடியும். பழைய ரயில் தடத்தில் அமைந்த மிட்டவுன் கிரீன்வே, மிசிசிப்பி ஆற்றின் மேற்குக்கரைப் பாதை, மின்னஹாஹா ஓடைப் பாதை, ஹேரியட், பிடே மகா ஸ்கா என்ற இரண்டு ஏரிகளின் கரைப் பாதைகள் ஆகியவை ஒன்றோடொன்று இணைந்து இந்தச் சுற்று உருவாகிறது. இவை தனித்தனிக் காலங்களில், தனித்தனி நோக்கங்களுக்காக அமைக்கப்பட்டவை. ஆகவே முழுச் சுற்றுக்கும் ஒரே பெயரும் இல்லை, தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே நிறத்தில் வழிகாட்டிப் பலகைகளும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவதற்கே இந்த வழிகாட்டி.

முதலில் முடிவு செய்ய வேண்டியது திசை. இந்தச் சுற்றைக் கடிகார முள் செல்லும் திசையில், அதாவது வடக்கு எல்லையில் கிழக்கு நோக்கியும், ஆற்றங்கரையில் தெற்கு நோக்கியும், ஓடையோரம் மேற்கு நோக்கியும், ஏரிக்கரைகளில் வடக்கு நோக்கியும் ஓட்டுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. இதற்குக் காரணம் ரசனை அல்ல, விதி. ஏரிகளைச் சுற்றியுள்ள சைக்கிள் பாதைகள் பெரும்பாலும் ஒருவழிப் பாதைகள். அவை கடிகாரத் திசையில்தான் செல்கின்றன. எதிர்த்திசையில் வருபவர் ஹேரியட் ஏரியை அடைந்ததும் தனக்கு வேண்டிய கரை பக்கத்திலேயே இருந்தும் ஏரியின் மறுபக்கம் முழுவதையும் சுற்றிவர நேரிடும், அல்லது விதியை மீறி மற்றவர்களின் முகத்துக்கு நேரே ஓட்ட நேரிடும். கடிகாரத் திசையில் செல்பவருக்கு அந்தத் தொல்லை ஓரிடத்திலும் இல்லை.

இந்தப் பாதைகள் எப்படி வந்தன

மினியாபொலிஸின் பூங்கா வாரியம் 1883-இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் நிலவடிவமைப்பாளர் ஹோரஸ் கிளீவ்லாந்து, நகரம் வளர்ந்து நிலத்தின் விலை ஏறுவதற்கு முன்பே ஆற்றங்கரையையும் ஏரிக்கரைகளையும் வாங்கிப் பொதுச் சொத்தாக்கிவிட வேண்டும் என்று வாரியத்துக்குத் திட்டம் எழுதிக் கொடுத்தார். நகரின் பெரும்பாலான ஏரிக்கரைகளில் இன்று தனியார் வீட்டுச் சுவர் தண்ணீரைத் தொட்டு நிற்காததற்கு இந்த முன்யோசனையே காரணம். பிற்காலத்தில் இந்தப் பூங்காச் சாலைகள் கிராண்ட் ரவுண்ட்ஸ் என்ற பெயரில் சுமார் 80 கிலோமீட்டர் நீள வளையமாக விரிந்தன. 1998-இல் அது தேசிய இயற்கை எழில் சாலையாக அறிவிக்கப்பட்டது. நாம் ஓட்டப்போகும் சுற்று அந்தப் பெரிய வளையத்தின் தெற்குப் பகுதியை மிட்டவுன் கிரீன்வேயால் குறுக்கே மூடுவதால் கிடைக்கும் சிறிய வளையம்.

இங்குள்ள ஏரிகளை இயற்கை அப்படியே விட்டுச்சென்றவை என்று நினைத்துவிட வேண்டாம். 1906 முதல் 1935 வரை பூங்காக்களின் கண்காணிப்பாளராக இருந்த தியோடர் வெர்த்தின் காலத்தில், சேறும் சதுப்புமாகக் கிடந்த பல நீர்நிலைகள் தூர்வாரி ஆழப்படுத்தப்பட்டன. அப்படித் தோண்டியெடுத்த மண்ணைக் கொண்டே கரைகள் உயர்த்தப்பட்டன. ஐல்ஸ் ஏரியும் நோகோமிஸ் ஏரியும் இன்றைய வடிவத்தைப் பெற்றது அப்படித்தான். நீங்கள் சைக்கிள் ஓட்டும் கரையின் ஒரு பகுதி ஒரு காலத்தில் ஏரியின் அடியில் கிடந்த மண்.

புறப்படுவதற்கு முன்

சாதாரண சைக்கிளே போதும். பாதை முழுவதும் தார் என்பதாலும், ஏற்றங்கள் குறைவு என்பதாலும், மலைப்பாதைக்குரிய தடித்த டயர்கள் தேவையில்லை. டயர்களில் காற்று, இரண்டு பிரேக்குகள், பெல், முன்விளக்கு, பின்பக்கச் சிவப்பு ஒளி ஆகியவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாற்று டியூப், டயர் கழற்றும் நெம்பிகள், சிறிய பம்ப், பூட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்வது நல்லது. அருவிக்கு அருகே இறங்கி நடக்கப் பூட்டு கட்டாயம் தேவைப்படும். பெரியவர்கள் ஹெல்மெட் அணிய வேண்டும் என்று மினசோட்டா சட்டம் வற்புறுத்தவில்லை என்றாலும், அணிந்துகொண்டு செல்வதே அறிவுடைமை.

வாடகை சைக்கிள் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2010-இல் தொடங்கிய நைஸ் ரைடு என்ற நிலையம் சார்ந்த சேவை 2023-இல் நின்றுவிட்டது. பழைய பயணக் குறிப்புகளில் அதன் நிலையங்கள் குறிக்கப்பட்டிருந்தால் அவற்றை நம்பிப் போகாதீர்கள். நாள் வாடகைக்குத் தரும் கடையிலிருந்து முறையான சைக்கிள் ஒன்றை எடுப்பதே இந்தத் தூரத்துக்குப் பொருந்தும்.

இந்தியாவிலோ இலங்கையிலோ சைக்கிள் பழகியவர்கள் இரண்டு விஷயங்களை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒன்று, இங்கே வலப்பக்கமாகச் செல்ல வேண்டும், முந்துவது இடப்பக்கமாக. மற்றொன்று இதைவிட ஆபத்தானது, ஆனால் பலரும் சொல்லத் தவறுவது: அமெரிக்காவில் விற்கும் சைக்கிள்களில் பொதுவாக இடக்கைப் பிடி முன்சக்கர பிரேக்கையும் வலக்கைப் பிடி பின்சக்கர பிரேக்கையும் இயக்கும். நம் பழக்கம் இதற்கு நேர்மாறு. திடீரென்று நிறுத்த வேண்டி வரும்போது கை யோசிக்காமல் இயங்குமாதலால், புறப்படும் முன் வாகன நிறுத்துமிடத்தில் மெதுவாக ஓட்டி, ஒவ்வொரு பிடியையும் தனித்தனியே அழுத்திப் பார்த்துக் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

முதல் கட்டம்: மிட்டவுன் கிரீன்வே

பிடே மகா ஸ்கா ஏரியின் வடகரையைத் தொடக்க இடமாகக் கொள்ளலாம். அங்கிருந்து டீன் பார்க்வேயை ஒட்டிச் சற்றே வடக்கே சென்றால் கிரீன்வேயில் ஏறும் வழி கிடைக்கும். ஏறியதும் கிழக்கு நோக்கித் திரும்புங்கள். கிரீன்வேயின் முழு நீளம் சுமார் 9 கிலோமீட்டர். அதன் பெரும்பகுதியை நாம் பயன்படுத்துகிறோம்.

சிறிது தூரத்திலேயே பாதை தெரு மட்டத்துக்குக் கீழே இறங்குகிறது. இரு பக்கமும் சரிவு, தலைக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாகத் தெருப் பாலங்கள். மில்வாக்கி ரோடு என்று அழைக்கப்பட்ட ரயில் நிறுவனம், தெருக்களில் மக்கள் ரயிலில் அடிபடுவதைத் தவிர்ப்பதற்காக 1912-க்கும் 1916-க்கும் இடையில் தோண்டிய பள்ளம் இது. ரயில்கள் நின்ற பிறகு, மிட்டவுன் கிரீன்வே கூட்டமைப்பு என்ற குடிமக்கள் அமைப்பின் விடாத வற்புறுத்தலால் இது சைக்கிள் பாதையாக மாறியது. 2000, 2004, 2006 ஆகிய ஆண்டுகளில் மூன்று கட்டங்களாகத் திறக்கப்பட்டது. ரயிலைத் தெருவிலிருந்து பிரிப்பதற்குச் செய்த அந்தச் செலவுதான் ஏறக்குறைய நூறாண்டுக்குப் பிறகு, நகரின் நெரிசலான பகுதியைச் சிக்னல் இல்லாமல் கடக்கும் வாய்ப்பைச் சைக்கிள்காரர்களுக்குக் கொடுத்திருக்கிறது.

இந்தப் பள்ளத்துக்குள் இருக்கும்போது எந்தத் தெருவின் கீழே செல்கிறோம் என்பது எளிதில் புரியாது. பாலங்களில் எழுதியுள்ள தெருப் பெயர்களைக் கவனித்துக்கொண்டே செல்லுங்கள். எல்லாத் தெருக்களுக்கும் மேலே ஏறும் சரிவுப்பாதை கிடையாது. சில இடங்களில் படிக்கட்டு மட்டுமே உண்டு. எனவே வெளியேற வேண்டிய இடத்தைத் தவறவிட்டால் அடுத்த சரிவுப்பாதை வரை ஓட்ட வேண்டியிருக்கும். சைக்கிள்களுக்குப் போக ஒன்றும் வர ஒன்றுமாகத் தடங்களும், நடப்போருக்குத் தனித் தடமும் உண்டு. வேலைக்குச் செல்வோர் வேகமாக வரும் பாதை இது. படம் எடுக்க நிற்க விரும்பினால் தடத்தை விட்டு முழுவதுமாக ஒதுங்கி நில்லுங்கள்.

வழியில் பாதைக்குத் தெற்கே ஓங்கி நிற்கும் பெரிய கட்டடம், 1928-இல் சியர்ஸ் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டது. அதன் தரைத்தளத்தில் 2006 முதல் மிட்டவுன் குளோபல் மார்க்கெட் இயங்குகிறது. பல நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் நடத்தும் உணவுக் கடைகள் அங்கே உண்டு. ஆனால் புறப்பட்ட அரை மணி நேரத்துக்குள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மீதி தூரத்தை ஓட்டுவது சுகமாக இராது. கையில் ஏதேனும் வாங்கி எடுத்துச் செல்வதே நல்லது.

கிழக்கே செல்லச் செல்லப் பள்ளம் மேடேறித் தெரு மட்டத்துக்கு வந்துவிடும். அங்கே ஹயவாத்தா அவென்யூ என்ற அகலமான சாலையையும் புளூ லைன் இலகு ரயில் தடத்தையும் மார்ட்டின் ஒலாவ் சாபோ பாலம் கடக்கிறது. கம்பிவடங்களால் தாங்கப்படும் இந்தப் பாலம், சைக்கிளும் நடப்போரும் மட்டுமே பயன்படுத்துவதற்காக 2007-இல் திறக்கப்பட்டது. காற்றின் அதிர்வால் வடங்களைப் பிடித்திருந்த பாகங்கள் 2012 பிப்ரவரியில் முறிந்ததால் பாலம் மூடப்பட்டு, பழுதுபார்த்த பின் மீண்டும் திறக்கப்பட்டது. இந்தச் சுற்றில் நீங்கள் சந்திக்கும் குறிப்பிடத்தக்க முதல் ஏற்றம் இந்தப் பாலந்தான். கியரை முன்கூட்டியே குறைத்துக்கொள்ளுங்கள். பாலத்துக்குப் பிறகு தெருக் கடப்புகள் சில வரும். அவற்றைத் தாண்டினால் பாதை மிசிசிப்பி ஆற்றங்கரைச் சாலையில் போய் முடிகிறது.

இரண்டாம் கட்டம்: ஆற்றங்கரை

இங்கே வலப்பக்கம் திரும்பி, தெற்கு நோக்கிச் சுமார் 5 கிலோமீட்டர். ஆறு உங்கள் இடப்பக்கம், மரங்களுக்குப் பின்னால், ஆழமான பள்ளத்தாக்கில் ஓடும். கோடையில் இலைகள் அடர்ந்திருப்பதால் தண்ணீர் அரிதாகவே கண்ணில் படும். இலை உதிர்ந்த அக்டோபர் இறுதியில் முழுப் பள்ளத்தாக்கும் தெரியும். இந்தப் பள்ளத்தாக்கை உருவாக்கியது ஓர் அருவி. கடைசிப் பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் உருகிய நீர் பாய்ந்தபோது, மேலே சுண்ணாம்புக்கல், அடியில் மென்மையான மணற்கல் என்று அமைந்திருந்த பாறையடுக்கில் அடிப்பாறை அரிக்கப்பட்டு மேற்பாறை உடைந்து விழ, அருவி மெல்ல மெல்ல வடக்கு நோக்கிப் பின்வாங்கியது. அது இன்று செயின்ட் ஆன்டனி அருவியாக நகர மையத்தருகே நிற்கிறது. அது மின்னஹாஹா ஓடையின் வாயைக் கடந்து சென்றபோது ஆற்றின் மட்டம் தாழ்ந்துவிட, ஓடை உயரத்திலேயே விடப்பட்டது. அடுத்து நீங்கள் பார்க்கப்போகும் மின்னஹாஹா அருவி அப்படிப் பிறந்ததுதான்.

ஓட்டுவதற்கு இந்தக் கட்டத்தில் சிக்கல் எதுவும் இல்லை. லேக் ஸ்ட்ரீட் பாலம், பிறகு ஃபோர்டு பாலம் ஆகிய இரண்டையும் அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபோர்டு பாலத்துக்குத் தெற்கே அணையும், படகுகளை மேலும் கீழும் ஏற்றி இறக்கும் நீர்க்கதவு அமைப்பும் உள்ள இடத்தைத் தாண்டியதும் மின்னஹாஹா பூங்கா வந்துவிடும்.

மூன்றாம் கட்டம்: அருவியும் ஓடையும்

அருவியின் உயரம் 53 அடி, அதாவது சுமார் 16 மீட்டர். சைக்கிளைப் பூட்டிவிட்டுப் படிகளில் இறங்கிக் கீழிருந்து பார்ப்பதற்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். பூங்காவில் கழிப்பறை, குடிநீர், கோடையில் மட்டும் இயங்கும் உணவுக் கடை ஆகியவை உண்டு. சுற்றின் பாதித் தூரம் இங்கே முடிகிறதாகையால் நீண்ட ஓய்வுக்கு இதுவே ஏற்ற இடம்.

அருவியில் எப்போதும் தண்ணீர் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மின்னஹாஹா ஓடை மேற்கே மின்னடோங்கா ஏரியிலிருந்து புறப்பட்டு ஏறக்குறைய 35 கிலோமீட்டர் ஓடி வருகிறது. ஏரிமட்டம் தாழ்ந்தால், ஓடை புறப்படும் இடத்தில் உள்ள கிரேஸ் பே அணையிலிருந்து நீர் விடுவது நிறுத்தப்படும். வறண்ட ஆண்டுகளில் கோடை முடிவதற்குள் அருவி வெறும் பாறையாகிவிடும். 1964-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் அருவியைப் பார்க்க வந்த சமயத்தில் இப்படித்தான் வறண்டு கிடந்தது. நகர நிர்வாகம் ஓடையின் மேற்பகுதியில் தீயணைப்புக் குழாய்களைத் திறந்துவிட்டு அருவியை ஓடச் செய்தது. உங்களுக்காக அப்படி யாரும் செய்யப்போவதில்லை. ஆகவே அருவியே முக்கியம் என்றால் மே, ஜூன் மாதங்களில் வாருங்கள். நேர்மாறான ஆபத்தும் உண்டு. 2014 ஜூன் மாதத்தைப் போலக் கனமழை பெய்த காலங்களில் ஓடை கரைமீறிப் பாதையையே மூழ்கடித்துவிடும். பாலங்களுக்குக் கீழே செல்லும் தாழ்வான இடங்களில் தண்ணீர் நின்றால் ஆழத்தை ஊகித்து உள்ளே ஓட்டாமல், மேலே உள்ள தெரு வழியாகச் சுற்றிச் செல்லுங்கள்.

பூங்காவிலிருந்து மேற்கு நோக்கிய ஓடைப் பாதையைப் பிடிப்பதுதான் இந்தச் சுற்றில் வழி தவறக்கூடிய இடம். ஹயவாத்தா அவென்யூவும் ரயில் தடமும் பூங்காச் சாலைகளும் ஒன்றுகூடும் பகுதி அது. அதைத் தாண்டும்வரை வேகத்தைக் குறைத்து, மின்னஹாஹா பார்க்வே என்று எழுதிய பலகைகளைப் பின்பற்றுங்கள். ஓடை பக்கத்தில் வந்துவிட்டால் பிறகு குழப்பமில்லை.

இங்கிருந்து ஹேரியட் ஏரி வரை சுமார் 8 கிலோமீட்டர். ஓடையின் போக்குக்கு எதிராகச் செல்வதால் பாதை லேசாக ஏறிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த ஏற்றத்தைக் கால் உணர்வது அரிது. முதலில் வடக்கே ஹயவாத்தா ஏரி, தெற்கே நோகோமிஸ் ஏரி. அதன் பிறகு ஓடை வளைந்து வளைந்து வரும் பசுமையான பள்ளத்துக்குள் பாதை இறங்குகிறது. என் பார்வையில் முழுச் சுற்றிலும் அழகான பகுதி இதுவே. பெயர்பெற்ற ஏரிகளைவிட இங்கே கூட்டம் குறைவு, நிழல் அதிகம். ஆனால் வேகமாகச் செல்லும் பகுதி இதுவல்ல. வளைவுகளுக்குப் பின்னால் வருபவர் தெரியமாட்டார். மரப்பாலங்கள் மழையில் வழுக்கும். சீடர், சிகாகோ, போர்ட்லாந்து போன்ற அவென்யூக்களின் அருகே வாகனங்களைக் கவனித்துக் கடக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல் மினசோட்டா சட்டப்படி, அருகே வாகனம் எதுவும் இல்லையென்றால், நில் என்று எழுதிய பலகையில் சைக்கிள்காரர் வேகத்தைக் குறைத்துவிட்டு நிற்காமலே செல்லலாம். அந்தச் சலுகை சிவப்பு விளக்குக்குப் பொருந்தாது என்பதை மறக்க வேண்டாம்.

போர்ட்லாந்து அவென்யூவின் அருகே புல்வெளியில் ஒரு பெரிய வெண்கல முயல் உட்கார்ந்திருக்கும். பண்டிகைக் காலங்களில் அக்கம்பக்கத்தார் அதற்கு உடையும் மாலையும் அணிவிப்பதுண்டு. குழந்தைகளோடு வருபவர்கள் இங்கே நிற்காமல் போக முடியாது. அதைத் தாண்டி விரைவுச்சாலையின் கீழும், நிக்கலெட் அவென்யூவின் உயரமான வளைவுப் பாலத்தின் கீழும் சென்று, மேற்கே ஒரு சிறிய ஏற்றத்தில் ஏறினால் ஹேரியட் ஏரி.

நான்காம் கட்டம்: இரண்டு ஏரிகள்

ஏரியை அடைந்ததும் இடப்பக்கம் திரும்புங்கள். தண்ணீர் எப்போதும் உங்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் நீங்கள் சரியான திசையில் செல்கிறீர்கள். சைக்கிளுக்கும் நடப்போருக்கும் தனித்தனிப் பாதைகள் உண்டு. தண்ணீரை ஒட்டியது பெரும்பாலும் நடப்போருக்கு உரியது. தரையில் வரைந்துள்ள சைக்கிள் குறியையும் அம்பையும் பாருங்கள்.

தென்கரையும் மேற்குக்கரையும் கடந்து வடக்கே வந்தால் 1986-இல் கட்டப்பட்ட இசை மேடை தெரியும். கோடை மாலைகளில் இங்கே இலவச நிகழ்ச்சிகள் நடப்பதால் கூட்டம் பாதையின் குறுக்கே நடந்துகொண்டே இருக்கும். அப்போது இறங்கித் தள்ளிச் செல்வதில் தவறில்லை. 1908-இல் தொடங்கிய பழைய ரோஜாத் தோட்டம் ஏரியின் வடகிழக்கே உள்ளது. நாம் செல்லும் வழியிலிருந்து அது சற்று விலகியது என்றாலும், ஜூன் பிற்பகுதியில் வருபவர்கள் அந்தச் சிறு தூரத்தைக் கூடுதலாக ஓட்டலாம்.

ஹேரியட்டின் வடக்கிலிருந்து வில்லியம் பெர்ரி பார்க்வேயை ஒட்டிய பாதை பிடே மகா ஸ்காவுக்கு இட்டுச் செல்கிறது. இரண்டு ஏரிகளுக்கும் இடையே, 1954-இல் நின்றுபோன டிராம் சேவையின் எஞ்சிய சிறு துண்டு ஒன்றில், அருங்காட்சியகத்தார் பழைய டிராம்களைப் பருவகாலத்தில் ஓட்டுகிறார்கள். இங்கே தண்ணீர் உங்களுக்கு எதிராக வருகிறது: சீடர், ஐல்ஸ், பிடே மகா ஸ்கா, ஹேரியட் என்று ஏரியிலிருந்து ஏரிக்கு இறங்கி, மின்னஹாஹா ஓடையில் கலந்து, அருவியில் விழுந்து, நீங்கள் காலையில் பார்த்த மிசிசிப்பிக்குப் போகிறது.

பிடே மகா ஸ்கா நகரின் மிகப்பெரிய ஏரி. அடிமை முறையை ஆதரித்த அரசியல்வாதி ஜான் கல்ஹூனின் பெயரை நீண்டகாலம் தாங்கியிருந்த இந்த ஏரிக்கு, டக்கோட்டா மக்களின் பழைய பெயர் 2018-இல் அதிகாரபூர்வமாகத் திரும்பக் கிடைத்தது. அதை எதிர்த்த வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்தில் 2020-இல் முடிந்தது. பழைய வரைபடத்தில் லேக் கல்ஹூன் என்று இருந்தால் அது இதுவே. ஏரிக்குத் தென்கிழக்கே 1829 முதல் சுமார் பத்தாண்டுகள் டக்கோட்டாத் தலைவர் கிளவுட் மேனின் வேளாண் கிராமம் இருந்தது. நம் வழி மேற்குக்கரையோடு செல்வதால் அந்தப் பக்கம் கண்ணில் படாது. பார்க்க விரும்புவோர் வடகரையோடு நிறுத்தாமல் ஏரியை முழுவதுமாகச் சுற்றிவர வேண்டும்.

பாதையில் நடந்துகொள்ளும் முறை

பூங்கா வாரியப் பாதைகளில் வேக வரம்பு மணிக்கு 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர். இது பலருக்கும் குறைவாகத் தோன்றும். ஏரிக்கரையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓட்டிப் பார்த்தால் அதுகூட அதிகம் என்று தோன்றும். முந்தும்போது பெல் அடியுங்கள், அல்லது இடப்பக்கமாக வருகிறேன் என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுங்கள். குழுவாகச் செல்பவர்கள் பக்கம் பக்கமாக ஓட்டாமல் வரிசையாக ஓட்டுங்கள். வாத்துக் கூட்டம் பாதையை அடைத்து நின்றால் பொறுமையாகக் காத்திருங்கள். குஞ்சுகளோடு இருக்கும் கனடா வாத்து துரத்திக் கொத்தக்கூடியது.

நேரமும் பருவமும்

ஓட்டுவதற்கு மட்டும் இரண்டு மணி நேரம் போதும். அருவி, உணவு, ஓய்வு ஆகியவற்றைச் சேர்த்து அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள். மே முதல் அக்டோபர் வரை ஏற்ற காலம். வார நாள் காலை மிகச் சிறந்தது. ஜூனில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். அக்டோபர் இறுதியில் ஆறு மணிக்கே மங்கிவிடும். கிரீன்வேயில் இரவிலும் விளக்குகள் எரியும் என்றாலும், ஊருக்குப் புதியவர்கள் அந்தப் பள்ளப் பகுதியைத் தனியாக இருட்டில் கடக்காமல் இருப்பது நல்லது. நாம் கிரீன்வேயை முதலில் முடித்துவிடுவதால், மதியத்துக்குப் பின் புறப்பட்டாலும் இந்தச் சிக்கல் எழாது. குளிர்காலத்திலும் பாதைகளில் பனி அகற்றப்படுகிறது; ஆயினும் பாலங்களின் நிழலில் கண்ணுக்குத் தெரியாத உறைபனி இருக்குமாதலால், ஆணி பதித்த டயர் இல்லாமல் அந்த மாதங்களில் முயல வேண்டாம்.

சுருக்கவும் நீட்டவும்

அருவியோடு களைத்துப்போனால், பூங்காவுக்குப் பக்கத்திலேயே உள்ள நிலையத்தில் புளூ லைன் ரயில் ஏறலாம். பெட்டியில் சைக்கிளை மாட்டிவைக்கும் கொக்கிகள் உண்டு. லேக் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கினால் கிரீன்வே அருகிலேயே இருக்கிறது, அங்கிருந்து மேற்கே ஓட்டிப் புறப்பட்ட இடத்தை அடையலாம். மாறாக, தெம்பு மிச்சமிருந்தால் வழியில் நோகோமிஸ் ஏரியை ஒருமுறை சுற்றலாம். அது நான்கரை கிலோமீட்டர் கூடும். இறுதியில் ஐல்ஸ் ஏரியையும் கடிகாரத் திசையில் சுற்றினால் மேலும் நான்கு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டையும் சேர்த்தால் மொத்தம் 36 கிலோமீட்டரை நெருங்கும். சாலைப் பணிகளால் ஏதேனும் ஒரு பகுதி மூடப்பட்டிருப்பது இங்கே வழக்கம் என்பதால், புறப்படும் நாளன்று பூங்கா வாரியத்தின் அறிவிப்புகளைப் பார்த்துவிட்டு, மாற்றுவழியைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.